வாசகர் கேள்வி – பதில்: கால்வாய் பழையது, கதை புதியது

கலிபோர்னியாவின் அனாஹெய்ம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் 70 ஆண்டுகளைக் கடந்துவிட்டதைப் பற்றி முன்னொரு இதழில் எழுதியபோது, அங்கே அன்று முதல் மாறாமல் இருப்பது டிக்கெட் கவுண்டர் முன் நிற்கும் வரிசை மட்டும்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். விளையாட்டாக எழுதிய அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லி விளக்கம் கேட்கிறார்கள். போகாதவர்கள் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: 1995இல் என் கணவருடன் டிஸ்னிலேண்ட் போயிருந்தேன். மரக்கட்டையைக் குடைந்தது போன்ற ஒரு படகில் உட்கார வைத்தார்கள். முயலும் நரியும் கரடியும் வழியெல்லாம் பாட்டும் கூத்துமாக இருந்தன. கடைசியில் ஓர் அருவியிலிருந்து படகோடு கீழே விழுந்து, கட்டியிருந்த புடவை முழுக்க நனைந்துபோனது. சமீபத்தில் பேத்தியை அழைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். அதே அருவி, அதே நனைதல். ஆனால் முயலையும் நரியையும் காணவில்லை. ஒரு கறுப்பினப் பெண்ணும் எக்காளம் ஊதும் முதலையும் இருந்தார்கள். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்களா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இடிக்கவில்லை. 1995இல் உங்களைச் சுமந்த அதே கால்வாய்தான் இப்போதும் சுமந்தது. ஐம்பது அடிக்குச் சற்று மேற்பட்ட அந்த வீழ்ச்சியும் அப்படியே இருக்கிறது. இத்தகைய பூங்காக்களில் பெரிய மாற்றங்கள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. கான்கிரீட்டும் நீரேற்றும் இயந்திரங்களும் தண்டவாளமுமே பெருஞ்செலவு பிடிப்பவை என்பதால் அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்துப் புதுக் குடித்தனம் வைப்பது போல, உள்ளே இருக்கும் பொம்மைகளையும் பாட்டையும் கதையையும் மட்டும் மாற்றிவிடுகிறார்கள்.

நீங்கள் முதலில் பார்த்தது 1989இல் திறக்கப்பட்ட ஸ்பிளாஷ் மவுண்டன். அந்த முயலும் நரியும் கரடியும் டிஸ்னி நிறுவனம் 1946இல் வெளியிட்ட 'சாங் ஆஃப் த சவுத்' என்ற படத்தின் பாத்திரங்கள். அடிமை முறை ஒழிந்த பின்னரும் பண்ணை முதலாளியின் நிழலில் கறுப்பின மக்கள் மனநிறைவோடு பாடிக்கொண்டு வாழ்ந்ததைப் போல அந்தப் படம் காட்டியதால், வெளிவந்த நாளிலேயே கண்டனத்துக்கு ஆளானது. பிற்காலத்தில் வீட்டில் பார்க்கும் வீடியோவாக அமெரிக்காவில் அதை வெளியிடவே இல்லை. படத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு அதன் பாத்திரங்களைக் கொண்டு சவாரி நடத்துவது எத்தனை நாளைக்கு ஓடும்? 2020 ஜூன் மாதம் மாற்றத்தை அறிவித்தார்கள். அனாஹெய்மில் பழைய சவாரி 2023 மே மாத இறுதியில் மூடப்பட்டது. 2009இல் வந்த தவளை இளவரசி கார்ட்டூன் படத்தின் நாயகியான டியானாவை வைத்து 2024 நவம்பரில் புதிய சவாரி திறக்கப்பட்டது. நீங்கள் பார்த்த பெண் அவள்தான். டிஸ்னி படங்களில் வந்த முதல் கறுப்பின இளவரசி. எக்காளம் ஊதும் முதலை அவளுடைய தோழன். பூங்காவில் பக்கத்துப் பகுதியே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சாயலில் கட்டப்பட்டது என்பதால், அந்த ஊர்க்காரியான டியானா அங்கே வந்து சேர்ந்தது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேறொன்று. 1995இல் முயலுக்கும் நரிக்கும் பின்னணியில் வாத்துகளும் தவளைகளும் இன்னும் பல விலங்குகளும் கூட்டமாகப் பாடியதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சவாரிக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. 1974 முதல் 1988 வரை அதே பூங்காவில், பார்வையாளர் அமர்ந்திருக்கும் பகுதி மேடைகளைச் சுற்றிச் சுழலும்படி அமைந்த ஓர் அரங்கில் 'அமெரிக்கா சிங்ஸ்' என்ற இசைநிகழ்ச்சி நடந்தது. அதில் பாடிய இயந்திர விலங்குகள்தாம் நிகழ்ச்சி மூடப்பட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு அருவிக்குக் குடிபெயர்ந்தன. அவற்றை வரைந்து வடிவமைத்த மார்க் டேவிஸ், இளம் வயதில் 1946ஆம் ஆண்டுப் படத்துக்கும் ஓவியராக உழைத்தவர். அதனால் இரண்டு கூட்டத்து விலங்குகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றின. இதற்கும் முன்பே அந்த நிகழ்ச்சியிலிருந்து இரண்டு வாத்துகளைக் கழற்றி, இறகையும் தோலையும் உரித்து, இரும்பு எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து, 1987இல் திறந்த ஸ்டார் டூர்ஸ் என்ற விண்வெளிச் சவாரியின் வாசலில் ரோபோக்களாக நிறுத்திவிட்டார்கள். வரிசையில் காத்திருப்பவர்களிடம் சலித்துக்கொண்டே பேசும் அந்த ரோபோக்களின் கழுத்தசைவைக் கூர்ந்து பார்த்தால் வாத்து தெரியும்.

முயலையும் நரியையும் மறுபடி பார்த்தே தீரவேண்டும் என்றால் தோக்கியோவுக்குப் போகவேண்டும். அங்குள்ள டிஸ்னிலேண்ட் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. டிஸ்னியிடம் உரிமம் பெற்று நடத்துகிறது. 1992இல் திறந்த ஸ்பிளாஷ் மவுண்டனை அவர்கள் மாற்றவில்லை.

கேள்வி: கூட்டம் குறையாமல் ஓடும் ஒன்றை எதற்காகக் கைவைக்க வேண்டும்? நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்திப் பிரித்துப் போடுவது போல் இருக்கிறதே.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: வால்ட் டிஸ்னிக்கே இந்த வேட்கை தொடக்கத்திலிருந்து இருந்தது. படம் ஒன்றை முடித்து அனுப்பிவிட்டால் பிறகு அதில் ஒரு காட்சியைக்கூட மாற்ற முடியாது. பூங்காவையோ நாளும் திருத்திக்கொண்டே போகலாம். அதுவே தமக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இருப்பதன் மேல் ஒன்றைக் கூட்டுவதைக் குறிக்க 'பிளஸ்' என்ற சொல்லையே வினைச்சொல்லாக்கித் தம் ஊழியர்களிடம் பயன்படுத்தினார்.

ஜங்கிள் குரூஸ் என்ற படகுச் சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கா திறந்த நாளிலேயே இருந்த ஒன்று அது. உயிருள்ள விலங்குகளையே கரையில் விடலாம் என்பது முதல் யோசனை. பகலில் அவை உறங்கிவிடும், அல்லது மனிதரைக் கண்டு புதருக்குள் ஒளிந்துகொள்ளும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னதால் இயந்திர விலங்குகளைச் செய்தார்கள். தொடக்கத்தில் படகோட்டி ஓர் ஆவணப்படத்துக்குப் பின்னணி பேசுவது போல் மிகவும் பொறுப்பாக விளக்கம் சொல்வார். பூங்காவைச் சுற்றி வந்துகொண்டிருந்த வால்ட் டிஸ்னியின் காதில் ஒருநாள் ஒரு தாய் தன் பிள்ளையிடம், இந்தப் படகில்தான் போனமுறையே போய்விட்டோமே, இப்போது வேண்டாம் என்று சொன்னது விழுந்ததாம். அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கும் கதை இது. அந்தத் தாய் சொன்னதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. டிஸ்னிலேண்டுக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் சுற்றுவட்டாரத்து மக்கள். திரும்பத் திரும்ப வருபவர்கள். வாழ்நாளில் ஒருமுறை வருபவருக்கு எல்லாமே புதிது. அவருக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பத்துமுறை வருபவரைத்தான் சலிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

1962இல் மார்க் டேவிஸின் கைவண்ணத்தில் யானைகள் குளிக்கும் குளம் ஒன்று ஜங்கிள் குரூஸில் சேர்ந்தது. துதிக்கையால் நீரை உறிஞ்சிப் படகின் மேல் பீய்ச்சுவது போல் ஒரு யானை எழும், கடைசி நொடியில் வேறு பக்கம் திரும்பிவிடும். அதன்பின் பொறுப்பான விளக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போய், படகோட்டிகள் கடி ஜோக் அடிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நகைச்சுவைக்காகவே மக்கள் ஏறுகிறார்கள். சவாரியின் உயிரே மாறிவிட்டது. பெயரும் நீரும் மட்டும் 1955ஆம் ஆண்டுக்கு உரியவை.

கேள்வி: எதிர்கால உலகத்தைக் காட்டும் பகுதி அங்கே உண்டு என்கிறார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் கற்பனை செய்த எதிர்காலம் இப்போது பழசாகி இருக்குமே?
(கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: பழசாகிப் பலமுறை ஆகிவிட்டது. டுமாரோலேண்ட் என்ற அந்தப் பகுதியைத்தான் டிஸ்னிலேண்டில் மிக அதிகமாக உடைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிற பகுதிகள் கடந்தகாலத்தையோ கற்பனையையோ காட்டுவதால் தப்பித்துக்கொள்கின்றன. மந்திரக்கோட்டைக்கு வயதாவதில்லை, ராக்கெட்டுக்கு ஆகிவிடுகிறது. 1955இல் அந்தப் பகுதி எந்த ஆண்டைக் காட்டுவதாகச் சொன்னார்கள் தெரியுமா? 1986.

அங்கே திறப்பு ஆண்டிலேயே 'ராக்கெட் டு த மூன்' என்ற காட்சி இருந்தது. வட்டமான அரங்கில் உட்கார்ந்தால் தரையிலும் கூரையிலும் உள்ள திரைகளில் பூமி விலகிச் சந்திரன் நெருங்கும். 1967இல் புதிய கட்டடத்தில் 'ஃபிளைட் டு த மூன்' என்று புதுப்பித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1969இல், மனிதன் உண்மையாகவே சந்திரனில் இறங்கிவிட்டான். அதைத் தொலைக்காட்சியில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவனிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு சந்திரனைக் காட்டினால் அவன் என்ன சொல்வான்? 1975இல் அதே அரங்குக்கு 'மிஷன் டு மார்ஸ்' என்று பெயர் வைத்துப் பயணத்தைச் செவ்வாய்க்குத் திருப்பிவிட்டார்கள். புறப்படும்போது அமுங்கியும் மேலே போனதும் உப்பியும் உடல் எடையை உணர்த்திய இருக்கைகள் எல்லாம் அப்படியே இருந்தன. 1992இல் செவ்வாயும் சலித்து மூடப்பட்டது. 1998இல் அந்தக் கட்டடம் பீட்சா கடையாகத் திறக்கப்பட்டது. சந்திரன், செவ்வாய், பீட்சா என்ற இந்த வரிசையில் ஏதோ ஒரு வரலாறு இருக்கிறது.

எதிர்கால வீட்டின் கதையும் உண்டு. மொன்சான்டோ நிறுவனத்தின் ஆதரவில் 1957இல் முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஒரு மாதிரி வீட்டைக் கட்டி, மைக்ரோவேவ் அடுப்பு முதலியவற்றை உள்ளே வைத்துக் காட்டினார்கள். பத்தே ஆண்டுகளில் அந்த எதிர்காலம் சாதாரணமாகிவிட, 1967இல் இடிக்க முயன்றபோது, பழைய கட்டடங்களை உடைக்கும் இரும்புக் குண்டு சுவரில் மோதி எகிறித் திரும்பிவிட்டது. ஒரே நாளில் முடியும் என்று நினைத்த வேலைக்கு இரண்டு வாரங்கள் பிடித்து, துண்டு துண்டாக அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. அதன் கான்கிரீட் அடித்தளத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். பச்சை வண்ணம் பூசிச் செடிகளுக்கிடையே மறைத்து வைத்திருக்கிறார்கள்.

கட்டுமானத்தை மாற்றாமல் மேலே இருப்பதை மட்டும் மாற்றுவது எப்போதும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1967 முதல் 1995 வரை உயரமான பாதையில் மெதுவாக ஊர்ந்து சென்ற 'பீப்புள் மூவர்' என்ற சிறு பெட்டிவண்டிகளை எடுத்துவிட்டு, அதே பாதையில் 1998இல் 'ராக்கெட் ராட்ஸ்' என்ற வேக வண்டிகளை ஓட்டினார்கள். ஊர்வதற்காகப் போட்ட பாதையின் வளைவுகளில் வெளிப்பக்கம் உயர்த்திய சரிவு கிடையாது. ஆகவே நேர்ப்பாதையில் சீறிக் கிளம்பிய வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்துப் பிறகு மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. டயர்கள் தேய்ந்தன, வண்டிகள் அடிக்கடி நின்றன. பதினாறு நிமிடம் காற்று வாங்கிக்கொண்டு போன பயணம் மூன்று நிமிடத்துக்குச் சுருங்கியது. இரண்டாண்டு சொச்சத்தில், 2000இல், அதை நிறுத்திவிட்டார்கள். வண்டியே இல்லாத அந்தப் பாதை கால் நூற்றாண்டாக வருகிறவர்களின் தலைக்கு மேலே வெறுமனே நின்றது. பாதையையும் திருத்திப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். பணத்தை மிச்சம் பிடித்த இடத்திலேயே பணம் போயிற்று.

1998 சீரமைப்பில் அவர்கள் கண்டுபிடித்த இன்னொரு உபாயம், எதிர்காலத்தைக் கணிப்பதையே கைவிட்டு, பழைய காலத்தவர் கற்பனை செய்த எதிர்காலத்தைக் காட்டுவது. பித்தளை நிறம், செம்பு நிறம் என்று எல்லாவற்றுக்கும் பூசினார்கள். ஸ்பேஸ் மவுண்டன் என்ற சவாரியின் வெள்ளைக் கூம்பையும் விட்டுவைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதை மறுபடி வெள்ளையாக்கிவிட்டார்கள். எனக்கும் வெள்ளைதான் பிடிக்கும்.

கேள்வி: டிஸ்னிலேண்டின் நீர்மூழ்கிக் கப்பலில் போனதாக என் தந்தையார் சொல்வார். இப்போதும் உண்டா? நிறம் சாம்பல் என்கிறார், நான் பார்த்த படத்தில் மஞ்சள்.
(வாசகர், விழுப்புரம்)

பதில்: இரண்டும் சரியே. 1959இல் எட்டுக் கப்பல்களோடு தொடங்கியபோது, அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்து, போர்க்கப்பல் போலவே சாம்பல் நிறம் பூசினார்கள். சோவியத் நாட்டோடு பனிப்போர் நடந்த காலம் அது. 1980களில் ஆராய்ச்சிக் கப்பல்களைப் போல மஞ்சளாக்கிப் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள். 1998இல் மூடி, நீமோ என்ற மீனின் கதையோடு 2007இல் திறந்தார்கள். டீசலுக்குப் பதில் மின்சாரம் வந்தது. 1960களில் சில கோடைக்காலங்களில் கடற்கன்னி வேடமிட்ட பெண்கள் அந்தக் குளத்துப் பாறைகளில் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தந்தையாரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடற்கொள்ளையர் சவாரியில் பெண்களை ஏலம் விடும் காட்சியை எடுத்துவிட்டதாகப் படித்தேன். கொள்ளையர் கொடியவர்கள்தானே? அவர்களை நல்லவர்களாகக் காட்டுவது வரலாற்றைத் திருத்துவது ஆகாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, தாங்கள் கேட்பது நியாயமான கேள்வி, சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' என்ற அந்தச் சவாரி 1967 மார்ச் 18 அன்று திறந்தது. வால்ட் டிஸ்னி அதற்கு மூன்று மாதம் முன்பு, 1966 டிசம்பரில், இறந்துவிட்டார். முதலில் அது சவாரியே அல்ல. நடந்து பார்க்கும் மெழுகுச் சிலைக் காட்சியாகத்தான் திட்டமிட்டு நிலத்தடியில் குழியும் தோண்டியிருந்தார்கள். 1964இல் தொடங்கிய நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' என்ற படகுச் சவாரி ஒரே மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் பேரைத் தள்ளாமல் நெரிக்காமல் ஏற்றி இறக்கியது என்பதைக் கண்டதும் இதையும் படகாக்கிவிட்டார்கள். ஆகவே பிறக்கும் முன்பே மாறிய சவாரி அது.

தாங்கள் குறிப்பிடும் காட்சியில் ஊர்ப் பெண்களைக் கயிற்றால் பிணைத்து வரிசையில் நிறுத்தி, ஏலக்காரன் விலை கூவிக்கொண்டிருப்பான். அவர்களுள் செம்பட்டைக் கூந்தலும் சிவப்பு உடையுமாக ஒருத்தி மட்டும் ஒய்யாரமாக நிற்பாள். எதிர்க்கரையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கொள்ளையர்கள் அவள்தான் வேண்டும் என்று கூச்சலிடுவார்கள். அடுத்த காட்சியில் கொள்ளையர்கள் பெண்களைத் துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றுவார்கள். 1997இல் முதலில் கைவைத்தது இந்தத் துரத்தலில்தான்: பெண்களின் கையில் உணவுத் தட்டுகளைக் கொடுத்து, கொள்ளையர் துரத்துவது சாப்பாட்டை என்று ஆக்கினார்கள். உண்மையைச் சொன்னால் அந்தத் திருத்தம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. தட்டைக் கொடுத்ததால் மட்டும் ஒரு துரத்தலின் பொருள் மாறிவிடாது.

2018இல் செய்தது வேறு தரம். கயிற்றில் கட்டிய பெண்கள் போய்விட்டார்கள். கோழிகளும் ரம் பீப்பாய்களும் ஏலத்துக்கு வந்தன. அந்தச் செம்பட்டைக் கூந்தல்காரி விற்கப்படும் பொருளாக நின்ற இடத்திலிருந்து, கையில் துப்பாக்கியோடு ஏலத்தை நடத்தும் கொள்ளைக்காரியாக மாறினாள். கொள்ளையரை யாரும் நல்லவராக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் இன்றும் ஊரைக் கொளுத்துகிறார்கள், மேயரைக் கிணற்றில் முக்கி எடுக்கிறார்கள். மாறியது, எதைக் கண்டு சிரிக்கச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான். பழைய காட்சி கொடுமையைக் கொடுமையாகக் காட்டியிருந்தால் தங்கள் வாதத்தோடு நானும் நின்றிருப்பேன். அது கொடுமையை வேடிக்கையாக்கிப் பாட்டோடு காட்டியது. தாயோடு படகில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பெண்குழந்தை அதில் எந்த வரலாற்றைக் கற்றுக்கொண்டிருக்கும்?

எனக்கு உறுத்துவது இடையில் நடந்த மற்றொரு மாற்றம். இந்தச் சவாரியின் பெயரில் 2003இல் திரைப்படம் வந்து பெருவெற்றி பெற்றதும், 2006இல் அதன் நாயகனான ஜாக் ஸ்பேரோவைச் சவாரிக்குள் கொண்டுவந்து மூன்று இடங்களில் நிறுத்தினார்கள். முன்பு ஒரு பெண் ஒளிந்துகொண்டிருந்த பீப்பாய்க்குள்ளிருந்து அவன் தலையை நீட்டுகிறான். அப்பாவிடமிருந்து பிறந்த பிள்ளை திரும்பி வந்து அப்பாவுக்குப் பெயர் வைத்தது போல ஆயிற்று. நாயகன் என்று யாரும் இல்லாமல், படகில் போகிறவனே கதையின் நடுவில் இருப்பது போன்ற உணர்வுதான் அந்தச் சவாரியின் அழகு. ஒரு நடிகரின் முகம் வந்ததும் எல்லாக் கண்களும் அவனைத் தேடத் தொடங்கிவிட்டன.

கேள்வி: ரசிகர்கள் எதிர்ப்பதே இல்லையா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: எதிர்க்கிறார்கள், பெரும்பாலும் தோற்கிறார்கள். மேரி பிளேர் என்ற ஓவியரின் கைவண்ணத்தில் உலகக் குழந்தைகள் பாடும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' சவாரிக்குள் 2009இல் டிஸ்னி படங்களின் பாத்திரங்களைப் புகுத்தியபோது எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. அவருடைய பாணியிலேயே அந்தப் பொம்மைகளைச் செய்து நாடுகளுக்கு நடுவே கலந்துவிட்டதால், இன்று புதிதாகப் பார்ப்பவருக்கு எது பழையது, எது சேர்த்தது என்று பிரிக்க நேரம் பிடிக்கும். 2022இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த குழந்தைப் பொம்மைகளைச் சேர்த்தபோது பெரும்பாலோர் வரவேற்றார்கள்.

கேள்வி: ஒருமுறை நீக்கியது எதுவும் திரும்பி வந்ததுண்டா?
(வாசகர், மதுரை)

பதில்: ஒரு பேய் வந்தது, 46 ஆண்டுகள் கழித்து.

ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டின் வெளிக்கட்டடம் 1963லேயே எழும்பிவிட்டது. உலகக் கண்காட்சி வேலையில் எல்லோரும் மூழ்கிவிட்டதால் ஆறு ஆண்டுகள் அது வெறும் வீடாகவே நின்றது. ஓய்வுபெற்ற பேய்கள் குடியேற விண்ணப்பிக்கலாம் என்ற பாணியில் வாசலில் ஒரு பலகை மட்டும் வைத்திருந்தார்கள். 1969 ஆகஸ்டில் ஒருவழியாகத் திறந்தபோது, பரண் மேல் ஒரு கிழட்டுப் பேய் தடியூன்றி நின்றது. இன்னொரு கையில் தொப்பி வைக்கும் வட்டப்பெட்டி. தோளின் மேல் இருக்கும் தலை மெல்ல மறைந்து அந்தப் பெட்டிக்குள் சிரிக்க வேண்டும், பிறகு மறுபடி தோளுக்கு வர வேண்டும். முகத்தின் மேல் படும் ஒளியை அணைத்துவிட்டால் தலை இருட்டில் கரைந்துவிடும் என்பதே உத்தி. ஆனால் சவாரி வண்டி அந்த உருவத்துக்கு மிக அருகில் போனது. பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் சிந்தி, மறைந்திருக்க வேண்டிய தலை எல்லோருக்கும் தெரிந்தது. தலை போகாத தலையில்லாப் பேயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திறந்த சில வாரங்களிலேயே எடுத்துவிட்டார்கள்.

அவ்வளவு குறைந்த காலமே இருந்ததால்தானோ என்னவோ, பார்த்தவர்கள் குறைவாகவும் பேசுபவர்கள் அதிகமாகவும் ஆனார்கள். விளம்பரத்துக்கு எடுத்த புகைப்படங்களிலிருந்தும் சவாரியின் கதை இசைத்தட்டிலிருந்தும் அந்தத் 'தொப்பிப்பெட்டிப் பேய்' ஒரு புராணமாக வளர்ந்தது. 2015 மே மாதம், பூங்காவின் 60ஆம் ஆண்டை ஒட்டி, 1969இல் கைகொடுக்காத மாயத்தைப் புதிய தொழில்நுட்பத்தால் சாதித்து அதே பரணுக்கு அருகில் மீண்டும் நிறுத்தினார்கள். பின்னர் 2023இல் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவின் பேய்வீட்டுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். எல்லா மாற்றங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

வந்துபோகும் மாற்றமும் அங்கே உண்டு. 2001 முதல், ஆண்டின் கடைசி மாதங்களில் அந்தப் பேய்வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வேடம் போடுகிறார்கள். தை பிறந்த பின் கலைத்துவிட்டுப் பழைய வீட்டையே திருப்பித் தருகிறார்கள். கொலுப்படி போல.

கேள்வி: எனக்கு வயது 71. கலிபோர்னியாவிலிருக்கும் மகள் டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். மாறாத பழையது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நான் அதைத்தான் பார்க்க விரும்புகிறேன். முழங்கால் வலி வேறு.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, கோட்டைக்குப் பின்புறமுள்ள குதிரை ராட்டினத்துக்கு முதலில் போங்கள். அது பூங்காவைவிட மூத்தது. 1922இல் செய்யப்பட்டு, கனடாவின் டொரன்டோவில் சுற்றிக்கொண்டிருந்ததை வாங்கி வந்தார்கள். அதுவும் முற்றாக மாறாதது என்று சொல்லமாட்டேன். அதிலிருந்த மற்ற விலங்குகளை எடுத்துவிட்டுக் குதிரைகளாகவே நிறைத்து, பிற்காலத்தில் எல்லாவற்றுக்கும் வெள்ளை வண்ணம் பூசினார்கள். ஏற முடியாவிட்டால் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

அதன்பின், முழங்கால் இடம் கொடுத்தால், கடற்கொள்ளையர் படகில் ஏறுங்கள். ஏறவும் இறங்கவும் படகுக்குள் கால் வைக்க வேண்டும். மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டில் இரண்டு சறுக்கல்கள் உண்டு, இரண்டும் சிறியவை. காட்சிகள் இருக்கும் பெரிய கூடம் பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில்பாதை மேட்டுக்கு அப்பால் கட்டப்பட்டது. படகு அந்த மேட்டுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும் என்பதற்காகவே அந்தச் சறுக்கல்களை வைத்தார்கள். ஏலக்காட்சி, ஜாக் ஸ்பேரோ எல்லாம் அதற்கும் அப்பால். சறுக்கலுக்கு முன்னால் சில நிமிடங்கள் படகு சத்தமில்லாமல் ஒரு சதுப்புநிலத்து நீரில் மிதக்கும். எப்போதும் இரவுதான் அங்கே. கரையோரத்தில் உணவகம் ஒன்றில் விளக்கொளியில் சிலர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவும் சவாரி திறந்த 1967இலேயே திறந்தது. மின்மினிகள் பறக்கும், தவளை கத்தும், எங்கோ பாஞ்சோ வாசிப்பது கேட்கும். நீரின் மேல் ஒரு மரக்குடிசை வரும். அதன் திண்ணையில் ஆடும் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்து மெல்ல ஆடிக்கொண்டிருப்பார். அவர் ஒன்றும் செய்யமாட்டார், யாரையும் பார்க்கவும்மாட்டார். 1967இலிருந்து அங்கேயேதான் இருக்கிறார்.